பட்டறை வீட்டுக் கூரைப் பெட்டி

மேன்மை தங்கிய வாசகர்களின் கனிவான கவனத்துக்கு: ஒரு வீட்டு மொட்டை மாடியில், சோப்பு டப்பாவைவிடச் சற்றே பெரியதான பெட்டி ஒன்று தன் கடமையைச் செய்ய மறுத்துவிட்டது. இதன் விளைவாக ஒரு வெல்டிங் பட்டறை மூடப்பட்டது, துணிக்கொடி அறுக்கப்பட்டது, இரும்பு ஏற்றிவந்த லாரி தெருக்கோடிக்கு நாடு கடத்தப்பட்டது, வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் வரவழைக்கப்பட்டார். இவ்வளவு பெரிய நிகழ்ச்சியைச் செய்தித்தாள்கள் எப்படிக் கோட்டைவிட்டன என்று தெரியவில்லை. அந்தக் குறையை நாம்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது.

வீடு தெருவைப் பார்த்து நிற்கிறது. பின்னால் காரை போட்ட முற்றம். அதில் இரும்புக் குழாய்களும் பட்டைகளும் தகடுகளும் அடுக்கிக் கிடக்கும். ஒரு பக்கம் தகரக் கொட்டகையில் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற பட்டறை. முற்றத்தின் கடைசியில், இவை எதோடும் எனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல விலகி நிற்கிற ஒற்றை அறைக் கட்டடம். முன்பு பெயின்ட் டின்கள் வைத்திருந்த அறை. இப்போது அது மருமகளின் ஆபீஸ்.

மருமகளுக்கு வேலை சைகை மொழிபெயர்ப்பு. காது கேளாத ஒருவர் எந்த ஊரிலோ ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் மேசையில் இருக்கிற திரையில் இவள் தோன்றுவாள். டாக்டர் வாயால் சொல்வதைக் கையால் சொல்வாள். எதிரில் இருப்பவர் கையால் சொல்வதை வாயால் சொல்வாள். இவளுடைய அப்பா அம்மா இரண்டு பேருக்கும் காது கேட்காது. ஆகையால் வாய் திறந்து பேசுவதற்கு முன்பே கையால் பேசி, கையாலேயே அடம்பிடித்து வளர்ந்தவள்.

இந்த வேலைக்கு வெறும் சுவரும் நல்ல வெளிச்சமும் மூடின கதவும் வேண்டும். பட்டறைக்காரர் வீட்டில் வெளிச்சம் மட்டும்தான் இருந்தது. கல்யாணமான புதிதில் வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து வேலை செய்து பார்த்தாள். ஒரு நோயாளி தன் மூல வியாதியைப் பற்றி டாக்டரிடம் விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்னணியில் மாமனார் இடுப்புத் துண்டோடு குளிக்கப் போனார். நோயாளி மரியாதைக்கு ஒரு வணக்கம் வைத்தார். கம்பெனிக்காரர்கள் அவ்வளவு மரியாதை தெரிந்தவர்கள் இல்லை. அவளைக் கூப்பிட்டு எச்சரித்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் யாரிடமும் எதுவும் சொல்லாமல் பெயின்ட் அறையைக் காலி செய்தார். சுவருக்குத் தன் கையாலேயே நீலம் அடித்தார். மருமகள் வந்து பார்த்து அழுதாள். அவர் பெயின்ட் நெடி கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்து ஜன்னலைத் திறந்துவிட்டார்.

இன்டர்நெட் கம்பி முன்வீட்டு வரைக்கும்தான் வந்தது. அங்கிருந்து முற்றத்தின் குறுக்கே இழுத்த ஒயரை லாரி நசுக்கியது. குழாய்க்குள் விட்டு இழுத்தார்கள், குழாயோடு நசுக்கியது. இரும்புகள் நடுவே போனிலும் சிக்னல் நிற்கவில்லை. கடைசியில் கடைக்காரர் ஒருவர் வந்து, வீட்டு மாடிச் சுவரில் ஒரு பெட்டியும் ஆபீஸ் அறையின் இறவாணத்துக்கு, அதாவது கூரை விளிம்புக்கு, அடியில் ஒரு பெட்டியும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி மாட்டினார். நடுவில் ஒயர் கிடையாது. காற்றிலேயே போய்ச் சேரும் என்றார். மருமகள் அத்தை என்று கூப்பிடுகிற மாமியார் அந்த இரண்டுக்கும் 'எதிரும் புதிரும்' என்று பெயர் வைத்தாள். நல்ல வெயிலில் எதிரும் புதிரும் சம்பந்திகளைப்போல ஒற்றுமையாக இருந்தன. மழைக்காலம் தொடங்கியதும் பேச்சுவார்த்தை குறைந்தது.

மருமகள் மதியச் சாப்பாட்டுக்கு வராத அன்றுதான் விஷயம் வெளியே தெரிந்தது. அத்தை தட்டில் சோறும் பொரித்த மீனும் எடுத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டிப் போனாள். மருமகள் நீலச் சுவருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்த மாதிரி.

"என்னடி ஆச்சு? மீனு ஆறுது."

"ஒருத்தங்க எழுந்து போயிட்டாங்க அத்தை."

"யாரு?"

"அதைச் சொல்லக் கூடாது. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வந்தவங்க. என்னென்ன ஆபத்து வரலாம்னு டாக்டர் சொல்லிட்டிருந்தாரு. நான் பாதிகூடச் சொல்லியிருக்க மாட்டேன், அப்படியே நின்னுபோச்சு. திரும்ப வர்றதுக்குள்ள பேனாவைக் கீழ வெச்சிட்டுக் கிளம்பிட்டாங்களாம். முழுசாப் பாக்காத எதுக்கும் கையெழுத்துப் போட மாட்டேன்னு."

"நியாயந்தானே? நானா இருந்தாலும் போட மாட்டேன்."

"நியாயந்தான். ஆனா ஆபரேஷனைத் தள்ளிப்போட்டா அவங்களுக்குத்தான் கஷ்டம். நாளைக்கு மறுநாள் காலையில இன்னொரு தரம் வரச் சொல்லியிருக்காங்க. அன்னைக்கும் நின்னுதுன்னா அப்புறம் அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே வர மாட்டாங்க. எங்கம்மா அப்படித்தான் ஒரு தடவை வந்துட்டாங்க. அதுக்கப்புறம் யாரு சொல்லியும் கேக்கலை."

அத்தை மீனில் முள் எடுத்துச் சோற்றோடு பிசைந்து அவள் கையில் கொடுத்தாள். பிறகு முற்றத்துக்கு வந்து, கேட்டுக்குப் பட்டை அடித்துக்கொண்டிருந்த மகனைப் பார்த்து, "உன் மச்சானுக்குப் போனைப் போடு" என்றாள்.

மகன் சுத்தியலைக் கீழே வைத்தான். "அம்மா, ஒரு பெட்டிக்காக அவரைக் கூப்பிடணுமா? அவர் வந்தா முதல்ல அவரை ரிப்பேர் பண்ணணுமே."

"போடுன்னா போடு."

மகள் வீட்டு மாப்பிள்ளை பெரிய கம்பெனி ஒன்றில் நெட்வொர்க் பிரிவுக்கு மேலாளர். மகன் அவருக்கு வைத்திருந்த பெயர் 'புரோட்டோகால்'. மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. லீவு நாளிலும் அதைக் கழற்றுவதில்லை. குளிக்கும்போது மட்டும் கழற்றுவதாக வீட்டுத் தகவல்.

இந்த இடத்தில் மாமனாரின் காதைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நாற்பது வருஷம் இரும்பை அறுத்தும் அடித்தும் அவருக்குக் காது போய்விட்டது. மிஷின் வாங்கிக் கொடுத்தார்கள். அதை மாட்டினால் இரைச்சல் மட்டும் பெரிதாகக் கேட்கிறது என்று அலமாரியில் வைத்துவிட்டார். வீட்டில் அவரோடு பேசுவது என்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்திச் சொல்லுகிற அளவுக்கு முக்கியமான விஷயங்கள் ஒரு வீட்டில் எவ்வளவு இருக்கும்? 'டீ', 'லாரி', 'போன்'. வருஷக்கணக்காக அவரிடம் இவ்வளவுதான் பேசியிருந்தார்கள். மருமகள் வந்த பிறகுதான் அவருக்கு ஊர்க்கதை கிடைத்தது. முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து அவள் கையால் சொல்வாள். கிரைண்டர் கத்திக்கொண்டிருக்கும்போதே இவர் இந்தக் கோடியிலிருந்து பதில் சொல்வார். தானாகவும் சில சைகைகளைக் கண்டுபிடித்துச் சேர்த்திருந்தார். மாப்பிள்ளைக்கு அவர் வைத்திருந்த சைகை, கழுத்திலிருந்து நெஞ்சு வரைக்கும் கோடு இழுத்து, நுனியில் மணி ஆட்டுவது. அது மாப்பிள்ளைக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்பது மருமகளின் நிரந்தரக் கவலை.

மாப்பிள்ளை டீயைக் குடித்துவிட்டு முற்றத்தில் நின்று மாடியை அண்ணாந்து பார்த்தார். மழை வெறித்திருந்தது. ஈர வெயிலில் பெட்டி பளபளத்தது.

"இது சாதாரண மாடல் இல்ல" என்றார். "இண்டஸ்ட்ரியல். மேல்உறை பாத்தீங்களா? சும்மா வீட்டுக்கெல்லாம் இந்த மாதிரி போட மாட்டாங்க. கடைக்காரன் விஷயம் தெரிஞ்சவன்."

மாமனார் காதில் ஒன்றும் விழாமல், மரியாதைக்குச் சிரித்தார்.

முதலில் முற்றம் சந்தேகத்துக்கு உள்ளானது. இரும்பு இறக்க வந்த லாரி நடுவில் நின்று மறைக்கிறது என்று தெருக்கோடிக்கு அனுப்பப்பட்டது. லாரிக்காரர் போகும்போது சொன்ன வார்த்தைகள் மாமனாருக்குக் கேட்காதது நல்லதாகப் போயிற்று. வெல்டிங் பொறியால் அலை கலங்குகிறதா என்று பார்க்கப் பட்டறையை நிறுத்தினார்கள். அடுத்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த கம்பளிமேல் மாப்பிள்ளையின் கண் விழுந்தது.

"அத்தை, தண்ணி அலையை உறிஞ்சிடும். ஈரக் கம்பளி ஒரு சுவர் மாதிரி."

"அப்ப எங்க காயப் போடறது மாப்பிள்ளை?"

"தற்காலிகமா ஒத்துழைப்புக் கொடுங்க."

"ஒத்துழைப்பை எந்தக் கொடியில காயப் போடறது?"

மகன் கத்தியை எடுத்துக் கொடியை அறுத்தான். அத்தை நனைந்த கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு, போர் முடிந்து திரும்புகிற படைவீரர்போல உள்ளே போனாள்.

லாரியும் போய், பொறியும் நின்று, கம்பளியும் விலகியபின் மருமகள் லேப்டாப்பைப் பார்த்துச் சிக்னல் எண்ணைச் சொன்னாள். "மைனஸ் எண்பத்தஞ்சு அண்ணா."

"மோசம். மைனஸ் அறுபது வரணும்."

வாசலில் நின்ற அத்தைக்குத் தாங்கவில்லை. "ரெண்டும் சைபருக்குக் கீழதானே போகுது மாப்பிள்ளை, அதுல என்ன நல்லது கெட்டது?"

"கடன் மாதிரிம்மா" என்றான் மகன். "கம்மியா இருந்தா நிம்மதி."

இதைவிடத் தெளிவாகத் தன் கம்பெனியில் யாரும் விளக்கியதில்லை என்பது மாப்பிள்ளையின் முகத்தில் தெரிந்தது. ஆனால் அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு பெட்டியின் முகத்தைத் திருப்பிப் பார்க்கும் படலம். மாமனார் ஏணி வைத்து மாடிச் சுவர்மேல் ஏறினார். மாப்பிள்ளை முற்றத்தின் நடுவில் நின்று, "மாமா, ரெண்டு டிகிரி இடது பக்கம்" என்று கத்தினார். மாமனார் வலது பக்கம் பார்த்து அங்கே யார் வந்திருக்கிறார்கள் என்று தேடினார். மாப்பிள்ளை இன்னொரு தடவை கத்தினார். மாமனார் இறங்கிவந்து, "டீயா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு மருமகளே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். ஒரு கையால் எண்ணைக் காட்டினாள். மாமனார் பெட்டியை ஒரு மயிரிழை திருப்பி, அவள் கையைப் பார்த்தார். இன்னும் ஒரு மயிரிழை. தலைக்கு மேலே இவ்வளவு பேச்சும் சத்தமில்லாமல் போய் வந்துகொண்டிருக்க, மாப்பிள்ளை கீழே நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். டென்னிஸ் பார்க்க வந்து டிக்கெட்டைத் தொலைத்தவர் மாதிரி இருந்தது.

எந்தப் பக்கம் திருப்பினாலும் எண்பத்தைந்துதான். மாப்பிள்ளை பவர் அடாப்டரை மாற்றினார். மென்பொருளைப் புதுப்பித்தார். அலைவரிசையை மாற்றினார். அணைத்துப் போட்டார்; கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை அணைத்துப் போட்டார். மதியம் ஒரு தூறல் போட்டுவிட்டுப் போயிற்று. நேரத்துக்கு முடியாத கேட்டுக்காக வந்த வாடிக்கையாளர் ஒருவர், மூடிக் கிடந்த பட்டறையையும் ஏணிமேல் நின்ற பட்டறைக்காரரையும் பார்த்து, துக்க வீடோ என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினார்.

சாயங்காலம் மாப்பிள்ளை கடைசியாக ஒரு காரியம் செய்தார். மாடிப் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லி, முற்றத்தில், இறவாணத்துப் பெட்டிக்கு நேர் எதிரே, ஒரு முக்காலிமேல் வைத்தார். கையை நீட்டினால் தொட்டுவிடலாம்.

மருமகள் எண்ணைப் பார்த்தாள். "இப்பவும் மோசமாத்தான் இருக்கு அண்ணா."

மாப்பிள்ளை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப தூரமும் இல்ல, மறைப்பும் இல்ல. உள்ளேயே பழுது. புதுசு வாங்கணும். இந்த மாடல் வர ஒரு வாரமாவது ஆகும்."

காலையில் வரப்போகிறவர் யார் என்று அந்த முற்றத்தில் மருமகளைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆனாலும் எல்லோரும் அந்தப் பேனாவைத்தான் நினைத்துக்கொண்டார்கள். மாமனார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மருமகள் கையால் சொன்னாள்: *முடியலை மாமா. செத்துப்போச்சு.*

அவர் முக்காலியிலிருந்து பெட்டியை எடுத்து, துண்டால் துடைத்து, அடிபட்ட பறவையைக் கொடுப்பதுபோல அவள் கையில் கொடுத்தார்.

மாட்டின நாளுக்குப் பிறகு அவள் அதைக் கையில் வாங்கிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இறவாணத்துப் பெட்டியை நிமிர்ந்து பார்த்தாள், பால் வெள்ளை. இதுவோ வெள்ளி. நகத்தால் ஓர் ஓரத்தைச் சுரண்டினாள். செதில் உரிந்தது. உள்ளே வெள்ளை.

*மாமா, இதுக்குப் பெயின்ட் அடிச்சீங்களா?*

மாமனார் முகம் மலர்ந்தது. கையாலேயே சொல்லியிருக்கலாம், பெருமை தாங்காமல் வாயாலும் சொன்னார், முற்றம் அதிர.

"பின்ன? வெளியில நிக்கிற சாமானை அப்படியே விடுவாங்களா? முதல் மழைக்கே ரெண்டு கோட் அடிச்சேன். அப்புறம் உனக்கு லைன் விட்டு விட்டு வருதுன்னே. தண்ணி உள்ள இறங்குதுபோலன்னு இன்னொரு கோட். போன வாரம் ரொம்ப மோசம்னு சொன்னல்ல? அன்னைக்கு மூடியிலகூட ஒரு சந்து விடாம நல்லாத் திக்கா அடிச்சேன். நம்ம கேட்டுக்கு அடிக்கிற அதே பெயின்ட். பத்து வருஷம் துரு ஏறாது."

மகன் தலையில் கை வைத்தான். "அப்பா... அது அலுமினியப் பெயின்ட்."

"பிளாஸ்டிக்குக்கு ஏன்யா துரு ஏறப் போகுது" என்று அத்தை மெதுவாகத்தான் சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை.

மாப்பிள்ளை பெட்டியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். சற்று நேரம் தொண்டையைச் செருமினார். "உலோகத் துகள். நாலு கோட். பேசிட்டிருக்கிறவன் வாய்மேல தகடு வெச்சு வெல்டிங் அடிச்ச மாதிரி."

"ஆனா மச்சான்," என்றான் மகன், "இண்டஸ்ட்ரியல் மாடல்."

மாப்பிள்ளை அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மருமகள் மாமனாருக்கு விஷயத்தைக் கையால் சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்று வாயால் சொல்லத் தெரியவில்லை. குற்றம் எதுவும் தொனிக்காமல், ரொம்பப் பொறுமையாக, பெயின்ட் என்ன செய்கிறது என்று காட்டினாள். அவர் முகம் மெள்ள மெள்ள இறங்கியது. கடைசியில், "உனக்கு நல்லா இருக்கணும்னுதானேம்மா செஞ்சேன்" என்றார். அவர் வாயிலிருந்து இவ்வளவு தாழ்ந்த குரல் வந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

மருமகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கையைப் பிடித்துக்கொண்டால் இரண்டு பேராலும் பேச முடியாது.

தின்னர் ஊற்றினால் பிளாஸ்டிக்கும் சேர்ந்து இளகிவிடும். அதனால் மாமனார் பொடி உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். அத்தை பெட்டியை மடியில் வைத்து, குழந்தையைக் குளிப்பாட்டுகிறவள் மாதிரி திருப்பித் திருப்பிக் கொடுத்தாள். ஒட்டின பெயின்ட்டை உரிப்பது என்ற காரியத்தை அவர் தன் தொழிலில் அதுவரை செய்ததில்லை. அடித்தது அவரே, ஆகையால் லேசில் வரவில்லை. மகன் ஈரத்துணியால் துடைத்தான். மாப்பிள்ளை முழுக்கால் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூடி இடுக்குகளைத் தீக்குச்சியால் சுரண்டினார். அந்த வேலையை அவர் நன்றாகவே செய்தார் என்பதைச் சொல்லாமல் விடுவது அநியாயம்.

விளக்கு ஏற்றும் நேரத்துக்குப் பெட்டியை மாடியில் மாட்டினார்கள். மருமகள் ஆபீஸ் வாசலில் வந்து நின்று கையைத் தூக்கினாள். மைனஸ் ஐம்பத்தெட்டு.

"கடன் அடைஞ்சுதா?" என்று கேட்டாள் அத்தை.

"பெரும்பாலும் அடைஞ்சுது" என்றார் மாப்பிள்ளை.

மறுநாள் காலை பட்டறை திறக்கவில்லை. யாரும் சொல்லாமலே மகன் கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கி வைத்தான். நாலு பேரும் அடுக்கின குழாய்கள்மேல் வரிசையாக உட்கார்ந்து மூடின கதவையே பார்த்தார்கள். டீ ஆறியது. கதவு திறந்தபோது மருமகளின் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"போட்டாச்சு" என்றாள்.

அதற்குமேல் அவள் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. மாமனார் எழுந்து போய்க் கிரைண்டரைப் போட்டார்.

மீதியைச் சொன்னது கையெழுத்துப் போட்ட அந்த அம்மாவேதான். ஆபரேஷன் முடிந்து தேறினபின், கம்பெனியிடம் கேட்டு ஒருநாள் திரையில் வந்தார். வேறு எங்கோ ஓர் ஊரில் இஸ்திரிக் கடை வைத்திருப்பவர். கழுத்தில் பிளாஸ்திரி. நீலச் சுவரையே பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது, அதற்குப் பின்னால் இருக்கிறவர்களைப் பார்க்க வேண்டும் என்றாராம். எல்லோரும் அந்தச் சின்ன அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளை இதற்கென்றே பஸ் பிடித்து வந்திருந்தார். சட்டைப் பையில், பேசுவதற்கு இரண்டு வார்த்தை எழுதித் தயாராக இருந்தது.

அந்த அம்மாவின் கைகள் பேச, மருமகள் வாயால் சொன்னாள். "டாக்டர் ரொம்ப நேரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தார். கழுத்து ஆபரேஷன்ல குரல் போயிடலாம்னு சொல்லத்தான் அவ்வளவு கஷ்டப்பட்டிருக்கார். போனாப் போகட்டும் சார், நானே அதை ஒரு நாளும் கேட்டதில்லைன்னேன். அவருக்குச் சிரிக்கறதா வேணாமான்னு தெரியலை. எனக்கு வேண்டியதெல்லாம் கை. கைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு இவங்க முழுசாச் சொன்னாங்க. கண்ணால பாத்தேன். போட்டேன்."

அவர் கையைக் கன்னத்தில் வைத்து, பிறகு அவர்கள் எல்லோரையும் நோக்கி நீட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மாமனார் அதற்குமேல் பொறுக்கவில்லை. எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, தனக்குத் தெரிந்த சைகைகளில் பாதியும் கண்டுபிடித்தவற்றில் பாதியுமாக, மழை, பெட்டி, நாலு கோட், உப்புத்தாள், எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். *அன்னைக்கு உங்களைப் பாதியில விட்டது நான்தான், மன்னிச்சுக்கோம்மா* என்று கும்பிட்டார். அந்த அம்மா ஆச்சரியத்தோடு பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சிரித்தபடி ஏதோ பதில் சொன்னார்.

மருமகள் வாயைத் திறக்கவில்லை.

"என்ன சொல்றாங்க?" என்றார் மாப்பிள்ளை.

அந்த அம்மா சொன்னது: அன்றைக்குப் பாதியில் விட்டது பெட்டி இல்லை, ஆஸ்பத்திரியில் கரண்ட் போய்விட்டது.